சாட்சிக் கையெழுத்து

"ஹலோ... ஹலோ, பிரின்சி? நான்தான், நௌஷீன்... ஆமா, காலேஜ்லருந்துதான் பேசறேன்... ஆமா, ஆமா, ஒத்திகை இப்பதான் முடிஞ்சுது."

பட்டமளிப்பு விழாவுக்கு இன்னும் இரண்டே நாள். சமுதாயக் கல்லூரியின் பின்பக்கப் படிக்கட்டில், வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியைக்கூடக் கழற்றாமல் நௌஷீன் உட்கார்ந்திருந்தாள். ஒத்திகையில் அவள் பெயருக்கு அடுத்து பிரின்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன் பிறகு அவளால் அந்த மண்டபத்துக்குள் இருக்க முடியவில்லை.

"கை எப்டி இருக்கு?... தையல் பிரிச்சாச்சா?... ம்... ம்... இல்ல, நீ சனிக்கிழமை வரணும். இடது கையால வாங்கினா இன்னா, யாரு கேக்கப் போறாங்க?"

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலைக்கு இருவரையும் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது கல்லூரி. போன மாதம் அங்கே பிரஸ் மெஷினில் சிக்கி பிரின்சியின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பக்கத்து மெஷினில் நின்றுகொண்டிருந்தவள் நௌஷீன்.

"இல்ல, சும்மா கூப்புடல. ஒண்ணு சொல்லணும்... சரி, நீ மொதல்ல சொல்லு... லெட்டரா? கம்பெனிலருந்தா? எப்ப வந்துது?"

அவள் எழுந்துவிட்டாள்.

"இன்னா எழுதிருக்காங்க?... ம்... நீயே மெஷின் தடுப்பைக் கழட்டிட்டு கைய உட்டேன்னா?... ஆமா, பொய்தான். நான் பார்த்துக்கினுதானே இருந்தேன். சூப்பர்வைசர் கலியன்தான் ஸ்பேனரைக் கொண்டாந்து கழட்டினாரு. தடுப்பு இருந்தா வேகம் வராதுன்னாரு... ஆமா... ஆமா... சாட்சியா? யாருன்னு பேரு போடலியா?"

மண்டபத்தில் நாற்காலிகளை இழுத்து அடுக்கும் சத்தம். அவள் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நகர்ந்து நின்றாள்.

"உங்கப்பா இன்னா சொல்றாரு?... அவர் சொல்றது சரிதான், லேபர் ஆபீசுக்குதான் போவணும்... திங்கக்கிழமையா... நானா?... இல்ல, புரியுது. நான்தான் பக்கத்துல இருந்தேன். என்னைத் தவிர வேற யாரு சொல்றது..."

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரின்சி, இரு. கட் பண்ணாம கேளு... அந்தச் சாட்சி கையெழுத்து என்னுது."

போனில், செவ்வாப்பேட்டையில் பிரின்சியின் வீட்டுக்குள் எங்கோ குக்கர் கூவி அடங்கியது.

"ஹலோ... இருக்கியா?... போன செவ்வாக்கிழமை. கம்பெனி ஆபீஸ் ரூமுக்குக் கூப்ட்டாங்க. பயிற்சி முடிச்ச லெட்டரை ஒரு பக்கம் வச்சாங்க, இந்தப் பேப்பரை ஒரு பக்கம் வச்சாங்க. இதுல போட்டாதான் அதுன்னாங்க. உனக்கு ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்து குடுத்தாங்களே, அதே லெட்டர்தான். அது இல்லன்னா டிப்ளமா இல்ல... இல்லடி, தெரியாம போடல. படிக்காம போட்டுட்டேன்னு சொல்லிக்கலாம்னுதான் போனையே எடுத்தேன். படிச்சேன். ரெண்டு வாட்டி படிச்சேன்."

பழவேற்காட்டில் அவள் வீட்டில் அவளைப் பற்றி ஒரு கேலி உண்டு. தையல் வகுப்பு நான்கு மாதம், தட்டச்சு இரண்டு மாதம், பிளஸ் டூவில் ஒரு பாடம் இன்னும் பாக்கி. எதைத் தொட்டாலும் நௌஷீன் பாதியில் விட்டுவிடுவாள் என்று. இந்த ஒரு வருடப் படிப்புக்காக விடியற்காலையில் பஸ் பிடித்துப் போய் வந்தவளை உம்மாகூட முழுதாக நம்பவில்லை. நேற்றுத்தான் வாப்பா, சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வருவதாகச் சொன்னார். இதையெல்லாம் பிரின்சியிடம் சொல்ல அவள் வாய் திறந்தாள். ஆனால் பிரின்சி பேச ஆரம்பித்திருந்தாள்.

"ஆமா... ஆமா... சொல்லு, எல்லாத்தையும் சொல்லு... ஆமா, என் துப்பட்டாவதான் உன் கைல சுத்தினேன். ஆம்புலன்ஸ்ல உன் தலைய மடில வச்சிக்கினு வந்தேன்... ஆமா. அதே கையாலதான் போட்டேன்."

கேட்டபடியே நின்றாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை.

"...சனிக்கிழமை டிப்ளமாவ வாங்கிக்கினு அப்புறமா லேபர் ஆபீசுக்கு வரவா? அப்படி சொல்லாத, பிரின்சி. வாங்கிட்டா வர மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். மேடைல போட்டோ எடுத்து, ஊட்ல மாட்டி வச்சிட்டாங்கன்னா, அப்புறம் என்னால முடியாது... நீ என்னை நம்ப வேணாம். லைன்லயே இரு. ஒண்ணும் பேச வேணாம், கேட்டா போதும்."

போனைக் கையில் பிடித்தபடியே நடந்தாள். மாடியில் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் சின்னதுரையின் அறை திறந்திருந்தது.

"சார், உள்ள வரலாமா?... இல்ல சார், கவுனத் திருப்பித் தர வரல. பிரின்சி கேஸ்ல சாட்சி கையெழுத்து போட்டது நான் சார். அதுல இருக்கறது பொய். தடுப்பைக் கழட்டினது சூப்பர்வைசர் கலியன். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

சின்னதுரை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, மேசைமேல் இருந்த பெயர்ப் பட்டியலைத் தொட்டுக்காட்டித் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"தெரியும் சார். லெட்டர் செல்லாதுன்னு சொல்லிடுவாங்க... ஆமா சார், பேரையும் எடுக்க வேண்டியதுதான்... ரெண்டு நாள் பொறுக்க வேணாம் சார். ஒரு பேப்பர் குடுங்க, எழுதிக் குடுத்துடறேன்."

அவர் அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிரிண்டரிலிருந்து ஒரு தாளை உருவி அவள் பக்கம் தள்ளினார். அங்கியின் அகலமான கை எழுத விடாமல் மறைத்தது. அதை முழங்கை வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு எழுதினாள். ஒன்பது வரி. தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். அதற்கப்புறம்தான் மேசைமேல் வைத்திருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"பிரின்சி... இருக்கியா?... கேட்டியா?"

தாளைச் சின்னதுரை பக்கம் தள்ளிவிட்டு வெளியே வந்தாள்.

"மன்னிச்சுடுன்னு கேக்கல... ம்... ம்... திங்கக்கிழமை எத்தினி மணிக்கு?... ஒம்போதா. சரி. நான் திருவள்ளூர் ஸ்டேஷன்லயே நிக்கறேன், அங்கருந்து சேர்ந்து... சரி. வேணாம். நேரா ஆபீசுக்கே வந்துடறேன்... தனியாவே வரேன்."

பிரின்சி போனை வைத்துவிட்டாள்.