கதவுக்கு எந்தப் பச்சை?

ஒரு காரின் சரியான நிறம் எது? தொழிற்சாலையில் அடித்ததா, பிறகு வெயிலில் வெளிறியதா? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. லாசால் போகும் பஸ்ஸில் என் சின்ன மகனை மடியில் வைத்திருந்தேன். முன் இருக்கையில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் இரண்டு பேர் கதைத்துக்கொண்டு வந்தார்கள்.

“மச்சான், அந்த மனுசி கார்க் கதவைக் கட்டிப்பிடிச்சு அழுதிட்டா.”

“ஏன்டா, நிறம் பிழைச்சுப்போச்சோ?”

“இல்லையடா. சீட்டுக்குக் கீழ வெயில் படாத இடத்தைப் பாத்து, ஃபாக்டரியில அடிச்ச அதே கடும்பச்சையைத்தான் கலந்தனான். அம்மா சந்தோசப்படுவா எண்டு மகன்தான் கேட்டவன். அவவுக்கோ, செத்துப்போன புருசன் கார் ஓடேக்க இருந்த வெளிறின பச்சைதான் வேணுமாம். அந்த ஒரு கதவுதான் இன்னும் அடிக்காமல் கிடக்கு.”

“ஃபாக்டரி நிறம்தான் சரியெண்டால், முதல்ல உன்ர நரைமயிருக்கு அடி.”

“பகிடி விடாதை. கார் இப்ப மகன்ர. நாளைக்கு அடிக்கச் சொல்லிப்போட்டான்.”

“அவ?”

“கதவை மட்டும் விடு தம்பி எண்டு என்னட்டைக் கேட்டவ.”

மெட்ரோ ரயில் நிலையம் வந்ததும் இருவரும் இறங்கிவிட்டார்கள். ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று வீடுவரை யோசித்தேன். அந்த அம்மாவின் மகனும் அன்பாகத்தானே செய்கிறான்? நீங்களென்றால் அந்தக் கதவை என்ன செய்யச் சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.