மாதம் நிறையாதவள்

பிள்ளை பெற்றவளுக்கு இஞ்சியும் பன்றிக்காலும் கறுப்பு வினிகரில் கொதிக்கவைத்துக் கொடுப்பதில் இந்தச் சுரங்க ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. சோய்ஹாவுக்கும் நான்தான் செய்து கொடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆநூய் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்களின் எலும்பைத் தோண்டிக் கழுவி, கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்புவது புண்ணியமான வேலை. குன்றின்மேல் பெயரில்லாத குழியில் கிடப்பது யார், எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அப்போது ஊரில் நாங்கள் மூன்றே சீனப் பெண்கள். நான் லோக் வீட்டுக் கடையின் எஜமானி. ஆநூய் சமையல்காரனின் மனைவி. சோய்ஹா சாராயக்கடைக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து தப்பித் துணி வெளுத்துப் பிழைத்தவள். எங்கள் நாட்டில் என்றால் அவளோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருக்கமாட்டேன். இங்கே வெள்ளைக்காரர்களுக்கு நாங்கள் மூவரும் ஒன்றுதான். நடைபாதையில் ஏறவிடமாட்டார்கள், சேற்றில்தான் போகவேண்டும். சிறுவயதில் கட்டிக் குறுக்கிய பாதங்கள் எனக்கு. அவை சேற்றில் நிற்காது. சோய்ஹா என்னை முதுகில் தூக்கிக்கொள்வாள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பனி உருண்டைக்குள் கல்லை வைத்து எறிவார்கள்.

"அக்கா, தலையக் குனிஞ்சுக்குங்க. என் மண்டை கெட்டி, தாங்கும்" என்பாள்.

"மகாராணி பல்லக்குல போறாங்க, எல்லாரும் வழி விடுங்க" என்று ஆநூய் எங்கள் மொழியில் சத்தமாகச் சொல்வாள். மூவரும் சிரிப்போம். அதற்குமுன் சிநேகிதி என்று எனக்கு ஒருத்தி இருந்ததில்லை.

சோய்ஹா உண்டானாள். யார் என்று அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவள் மாதம் நிறையும்வரை இன்னொரு வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். முன்னோர் மாடம் தீட்டாகிவிடும். மாதம் நிறைந்த காலையில் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, குழந்தைக்குப் பெயர் சொல்லி, எல்லோருக்கும் கொடுக்கவேண்டும். அதற்கு ஒரு நாள் முந்தி ஏற்றினாலும் பிள்ளைக்கு ஆகாது.

நான் வினிகர்ப் பானையோடு போய்க் குழந்தையைப் பார்த்தேன். ஆண். இடது காதுக்கு முன்னால் ஊசி குத்தினாற்போல் ஒரு குழி. செத்துப்போன என் கணவருக்கு அது இருந்தது. என் மகன் கின்மானுக்கும் இருக்கிறது.

"பாத்துட்டீங்களா அக்கா" என்றாள் சோய்ஹா. "முட்டை குடுக்கிற அன்னிக்கு அவரே உங்க முன்னால மண்டிபோட்டுச் சொல்றேன்னாரு. இனிமே உங்கள அத்தைன்னு கூப்பிடணுமோ என்னமோ. வாயே வராது."

"சூடு ஆறுறதுக்குள்ள குடி" என்றேன்.

கின்மானுக்குச் சொந்த ஊரில் நல்ல குடும்பத்துப் பெண்ணைப் பேசி முடித்திருந்தோம். எங்கள் மாடத்தில் ஐந்து தலைமுறையின் பெயர்ப்பலகைகள் நிற்கின்றன. அவற்றின் முன் சாராயக்கடைக்காரி மருமகளாக மண்டியிடுவதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. உங்கள் வீடாயிருந்தால் உங்களாலும் முடியாது.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் விட்டதும் சுரங்கக்காரர்கள் மண்ணெண்ணெயும் கோடரியுமாக எங்கள் தெருவுக்கு வந்தார்கள். கின்மான் சரக்கெடுக்க மலைக்கு அப்பால் போயிருந்தான், மாலையில்தான் திரும்புவான். கலவரம் என்றால் மூவரும் எங்கள் கடைக்குள் புகுந்துகொள்வது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். இரும்புக் கதவு போட்ட கல்கட்டடம் எங்களுடையதுதான். ஆநூய் வந்துவிட்டாள். பிறகு சோய்ஹா தட்டினாள். ஒரு சாண் திறந்தேன்.

"உனக்கு இன்னும் மாசம் நிறையல. இது மாடம் இருக்கிற வீடு" என்றேன்.

"விளையாடுற நேரமா அக்கா இது" என்று சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். தெருமுனையில் கண்ணாடி உடைந்தது. குழந்தையை இடுக்கு வழியாக நீட்டினாள். "சரி. இவன மட்டுமாவது பிடிங்க."

வாங்கிக்கொண்டேன். அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. தாழ்ப்பாளைப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். ஆநூய் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள், நான் நகரவில்லை. சோய்ஹா கொஞ்ச நேரம் தட்டினாள். கத்தவில்லை. கத்தினால் கூட்டம் கடைப்பக்கம் திரும்பும். உள்ளே குழந்தை இருக்கிறது. பிறகு தட்டுவது நின்றது. ஆற்றங்கரையில் கிடந்தவளை ஆநூய்தான் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

அவள் உள்ளே வர மறுத்துவிட்டாள் என்று மகனிடம் சொன்னேன். வழக்கத்தை மதிக்கத் தெரிந்தவள் என்று பாராட்டியும் சொன்னேன். அழுதான். அடுத்த வருடம் ஊருக்குப் போய்ப் பேசிவைத்த பெண்ணைக் கட்டினான். சோய்ஹா நீட்டிய அந்தப் பேரனுக்கு இப்போது ஏழு வயது.

வழக்கத்தை மீற முடியாதுதான் என்று நீங்களே தலையாட்டுகிறீர்கள். ஆனால் ஆநூய் உங்களிடம் சொன்னதும் உண்மைதான், நான் மறுக்கப்போவதில்லை. குழந்தையை நீட்டியபோது சோய்ஹாவின் விரல்களெல்லாம் சிவப்பாக இருந்தன. அன்று காலையில் முட்டைக்குச் சாயம் ஏற்றியிருக்கிறாள். அவளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. கதவைச் சாத்துமுன்பே நான் அந்த விரல்களைப் பார்த்தேன்.

அவளுடைய எலும்பைத் தோண்டவேண்டாம். அவளை விற்ற ஊரில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? பக்கத்து இடத்தை எனக்காகச் சொல்லிவைத்திருக்கிறேன். என் எலும்பையும் அனுப்பவேண்டாம் என்று மகனிடம் சொல்லியாகிவிட்டது. செத்தபின் போகிற வழி எப்படியிருக்குமோ. சேறாக இருந்தால் என்னால் நடக்கமுடியாது. அவள் என்னைத் தூக்கிக்கொள்வாள்.