பதினேழாம் நம்பர் விடைத்தாள்

— திரும்பவும் சொல்லு ஜோயல். இருபத்தஞ்சு எப்பிடி வருது?

— மொத நாளே நீங்க போர்டுல எழுதிப் போட்டீங்களே மேடம்...

— நான் எழுதினது எனக்குத் தெரியும். உன் வாயால சொல்லு.

— டெஸ்ட்டுக்குப் பத்து. அசைன்மென்ட்டுக்கு அஞ்சு. செமினாருக்கு அஞ்சு. அட்டென்டன்ஸுக்கு அஞ்சு. அல்ஜீப்ரா ட்ரிக்னாமெட்ரி பேப்பருக்கு இன்டர்னல் மொத்தம் இருவத்தஞ்சு. மிச்சம் எழுவத்தஞ்சு யுனிவர்சிட்டி எக்ஸாம்.

— பரவால்லயே. கணக்குதான் வராது, மார்க்குக் கணக்கு நல்லா வருது உனக்கு. அட்டென்டன்ஸ் எழுபத்தஞ்சு பர்சன்ட் இல்லன்னா?

— ஹால் டிக்கெட் வராது. எனக்கு வந்துடும்ல மேடம்?

— உனக்கு வந்துடும். மணி மூணேகால் ஆச்சு. நாலரைக்கு இன்டர்னல் மார்க் போர்ட்டல மூடிடுவாங்க. நாப்பது பேருக்கு ஏத்திட்டேன். ஒருத்தனுக்குத்தான் பாக்கி.

— யாருக்கு மேடம்?

— தெரியாத மாதிரியே கேக்கற பாரு!

— ...கவிக்கா?

— கவியரசன். ரோல் நம்பர் பதினேழு. உன் பெஞ்சுல உன்கூட உக்காந்திருந்தவன்.

— மேடம், அவன் பேர மட்டும் அடிச்சிடாதீங்க மேடம். கால்ல வேணா வுழறேன். அவங்கம்மா பொன்னியம்மா தெனம் வந்து கரையில நிக்கிது. காலேஜுல பேரு கீதுல்ல, அப்ப எம்புள்ள உசுரோடதான் கீறான்னு குப்பம் பூரா சொல்லிக்கினு கீது. ஒடம்பு வந்தாதான் நம்புவேன்னுது. நீங்க பேர எடுத்துட்டீங்கன்னா...

— எடுத்துட்டா?

— அதுவும் கடல்ல எறங்கிடும். சத்தியமா சொல்றேன்.

— அவன் கடலுக்குப் போயி ரெண்டு மாசம் ஆச்சுடா. போட்டு மட்டும் தனியா கெடச்சுது. நான் இங்க கெஸ்ட் லெக்சரர். அடுத்த செமஸ்டர் கூப்பிடுவாங்களான்னே தெரியாது. காணாமப் போனவனுக்கு அட்டென்டன்ஸ் குடுத்தேன்னு வெளிய தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— நீங்க எங்க மேடம் குடுத்தீங்க?

— நீ வாங்கின, நான் குடுத்தேன்.

— நான் இன்னா வாங்கினேன்...

— "பதினேழு"ன்னு கூப்பிட்டா மூணாவது பெஞ்சுலேந்து கரகரன்னு "பிரசன்ட் மேடம்"னு ஒரு கொரல் வருமே... தலைய டெஸ்க்குக்குக் கீழ தொங்கப் போட்டுக்கிட்டு. யாரு அது?

— ...நான்தான் மேடம். தெரிஞ்சேதான் போட்டீங்களா?

— எனக்கு இன்னா காது கேக்காதா? மொத நாள் திட்டலாம்னுதான் வாயெடுத்தேன். அந்தம்மா டப்பாவுல சோத்தக் கட்டிக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்துச்சு. "புள்ள செமினாருன்னு சொல்லியிருந்தான், வந்துட்டானா டீச்சரம்மா"ன்னு கேட்டுச்சு. நான் இன்னா சொல்லுவேன்? செமினாருக்கும் நாலு மார்க் போட்டேன். தப்புன்னு தெரிஞ்சுதான் போட்டேன்.

— நீங்க நல்லா இருக்கணும் மேடம்.

— ஐஸ் வெக்காத. அசைன்மென்ட் யாரு எழுதினது?

— அதுவும்... நான்தான். அவன் எழுத்து மாதிரியே சாய்ச்சி சாய்ச்சி எழுதினேன். வெரலே மடங்கிப்போச்சி.

— உன்னோடதுல நாலு கணக்கு தப்பு. அவனோடதுல ஒண்ணே ஒண்ணு!

— அவனுதுன்னா கரெக்டா போடணும்ல மேடம். அவன் படிக்கிற பையன்.

— ஆக, அட்டென்டன்ஸ் அஞ்சு, நீ. அசைன்மென்ட் நாலு, நீ. செமினார் நாலு, நான். பதிமூணு. டெஸ்ட்டு?

— அது ஆப்சென்டுதான. பதிமூணே போதும் மேடம். போட்டு மூடிடுங்க. எனக்கு பழவேற்காடு பஸ் போயிடும்.

— அடுத்த பஸ்ல போ. ரெண்டாவது டெஸ்ட் அன்னிக்கு நீ எங்க இருந்த?

— காட்டுப்பள்ளியில. போர்ட்டுல கான்ட்ராக்ட் வேலைக்கு கேட் பாஸ் வாங்க எங்க நைனா இட்டுனு போனாரு. ரெண்டு நாள் ஆச்சி. லெட்டர் குடுத்தனே மேடம்.

— குடுத்த. உங்க நைனாகிட்டயும் போன்ல கேட்டேன். காலைலேந்து சாயந்தரம் வரைக்கும் கூடத்தான் இருந்தான்னு சொன்னாரு.

— இன்னாத்துக்கு மேடம் அவருகிட்டல்லாம் கேட்டீங்க?

— இதுக்குத்தான். புடி.

— ...இன்னா பேப்பர் இது?

— மேல இருக்கற நம்பரப் படி.

— பதி... பதினேழு. மேடம், எவனோ வெளையாடறான்.

— நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அன்னிக்கு ஹால்ல நான்தான் நின்னேன். முப்பத்தொம்பது பேரு வந்தாங்க. முப்பத்தொம்பது பேப்பர் எண்ணிக் குடுத்தேன், முப்பத்தொம்பது எண்ணி வாங்கிக் கட்டினேன். பொன்னேரிக்குப் போயி வீட்டுல கட்டப் பிரிச்சா நாப்பது.

— தப்பா எண்ணியிருப்பீங்க.

— கணக்கு டீச்சர்டா நான்.

— சிரிப்பு காட்டாதீங்க மேடம்...

— ஒரு வாரமா திரும்பத் திரும்ப எண்ணிப் பாத்துட்டேன். உங்க பெஞ்சு காலியா கெடந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன். கட்டுல இந்தப் பேப்பர் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல, அதோட எடத்துல ஒழுங்கா இருந்துச்சு.

— கிளாஸ் பசங்க எவனாவது எழுதி சொருவியிருப்பான் மேடம்.

— தீட்டாவப் பாரு. கவி தீட்டா எப்பிடிப் போடுவான்?

— வட்டம் போட்டு... நடுவுல கோடு போட மாட்டான். புள்ளி வெப்பான். மீன் கண்ணுடான்னுவான். நீங்ககூட திட்டுவீங்க.

— அசைன்மென்ட்டுல நீ கோடு போட்டிருக்க. கூடவே உக்காந்திருந்த உனக்கே மறந்துபோச்சு. இதுல ஒவ்வொண்ணுலயும் புள்ளி. எங்கயாவது ஒரு கோடு இருக்கா பாரு.

— ஏசப்பா...

— இன்னொண்ணும் சொல்றேன். நீ கேட் பாஸுக்குப் போயிருந்தப்ப, மொத நாளு பழக்கத்துல "பதினேழு"ன்னு கூப்பிட்டுட்டேன்.

— கூப்பிட்டா?

— "பிரசன்ட் மேடம்."

— யா... யாரு மேடம்?

— அதே பெஞ்சுலேந்து வந்துச்சு. அதே கரகர கொரல். நீதான்னு நெனச்சு, தலையத் தூக்காமலே பி போட்டேன். நாலஞ்சு பேரு தள்ளி உன் நம்பரக் கூப்பிட்டேன். யாரும் பதில் சொல்லல. அப்புறந்தான் நிமிந்து பாத்தேன்.

— மேடம், நான் கெளம்பறேன்.

— உக்காருடா. ஆறாவது கேள்வியப் பாத்துட்டுப் போ. என்ன கேள்வி அது?

— நம்ம லைட்ஹவுஸ் கணக்கு. கிளாஸ்லயே போட்டீங்க. லைட்ஹவுஸு அம்பது மீட்டர் ஒசரம்னு வெச்சிக்க. போட்டுலேந்து உச்சியப் பாத்தா முப்பது டிகிரி. போட்டு எவ்ளோ தூரத்துல கீது?

— கிளாஸ்ல போட்டப்ப எதுக்கு எல்லாரும் சிரிச்சீங்க?

— எம்பத்தாறு மீட்டர்னு வெடை வந்துச்சி. அவ்ளோ கிட்டத்துல போட்டு தண்ணியில நிக்காது மேடம், மணல்லதான் நிக்கும்னு கவி சொன்னான். நீங்களும்தான் சிரிச்சீங்க.

— சிரிச்சேன். இதுல முப்பது டிகிரிய அடிச்சிட்டு ஒரு டிகிரின்னு போட்டிருக்கான். விடை ரெண்டாயிரத்து எட்டுநூத்தி அறுபத்தி நாலு மீட்டர். நானும் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன். சரியா வருது.

— மூணு கிலோமீட்டர் கிட்ட...

— கேள்வியில இல்லாத எண்ணு. திருத்தற முறைப்படி பாத்தா ஜீரோதான் போடணும். கீழ இன்னொரு படம் இருக்கு. அதுதான் எனக்குப் புரியல. ஒரு பக்கம் லைட்ஹவுஸ். இன்னொரு பக்கம் நாலு காலு வெச்சிக்கிட்டு என்னமோ நிக்குது. நடுவுல எழுபத்திரெண்டு டிகிரின்னு இருக்கு.

— அது காட்டுப்பள்ளி கிரேன் மேடம்.

— கிரேன் எதுக்கு இங்க?

— கடல்ல ஒரு எடத்த அடையாளம் வெச்சிக்கணும்னா இப்பிடித்தான் பாப்போம். கரையில ரெண்டு பொருள கண்ணுல புடிச்சிக்குவோம். லைட்ஹவுஸு எவ்ளோ ஒசரத்துக்குத் தெரியுது, அதுலேந்து கிரேன் எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு. ரெண்டும் அதே மாதிரி தெரிஞ்சா அதே எடத்துக்கு வந்துட்டோம்னு அர்த்தம். அப்பிடித்தான் திரும்பவும் அங்கயே போயி வலை போடுவோம்.

— அப்ப இது கணக்கில்ல. ஒரு எடம்.

— ...தண்ணி குடுங்க மேடம்.

— இந்தா. மெதுவா குடி. எந்த எடம்டா?

— தெரியாது.

— கிரேன மட்டும் பாத்ததும் சொன்ன. தெரியாதுங்கற.

— லைட்ஹவுஸுக்கு நேரா ஒரு பார் கீது அங்க. அடியில பூரா பாறை. மீன் இருக்கும், ஆனா வலை மாட்டிச்சின்னா திரும்ப வராது. எங்க நைனால்லாம் அந்தப் பக்கமே போவாதீங்கடான்னுவாரு.

— கவியத் தேடினப்ப அங்க தேடினாங்களா?

— இல்ல. போட்டு காட்டுப்பள்ளிகிட்ட மெதந்துனு இருந்துச்சி. அதனால தெக்காலதான் தேடினாங்க. நாலு நாளு.

— நீயும் போன.

— போனேன்.

— தெக்கால.

— எல்லாரும் அங்கதான போனாங்க மேடம்...

— அவன் ஒத்தையாத்தான போனான்?

— ஆமா. அவங்க மாமா போட்ட எடுத்துனு விடிகாலையில ஒத்தையா போயிட்டான். நான் கிளாஸுல இருந்தேன். போலீஸு வந்து கேட்டப்ப நீங்கதான மேடம் ரிஜிஸ்டரக் காமிச்சீங்க. ஆகஸ்ட் இருவத்தொண்ணு, மொத ஹவர், ஜோயல், பிரசன்ட்.

— காமிச்சேன். மொத ஹவர் கிளாஸுல இருந்தவன் கடல்ல இருந்திருக்க முடியாதுன்னு அவங்களும் உன்ன உட்டுட்டாங்க.

— அப்புறம் இன்னா?

— அன்னிக்கு நான் என்ன நடத்தினேன்?

— அன்னிக்கா... சமன்பாடு. மூலம் கண்டுபுடிக்கிறது. போர்டு பூரா எழுதினீங்க.

— நல்லா ஞாபகம் இருக்கா?

— இருக்குது மேடம். நோட்டுலகூட கீது.

— அன்னிக்கு நான் காலேஜுக்கே வரல ஜோயல். செங்கல்பட்டுல வேற ஒரு காலேஜுக்கு இன்டர்வியூ போயிருந்தேன். யாருகிட்டயும் சொல்லல. மறுநாள் வந்து அந்த வரிசை முழுக்க பி போட்டேன். நாப்பத்தியோரு பேருக்கும். கவிக்கும் சேத்து. அவனக் காணோம்னு தெரிஞ்சப்புறம் அவனோடத மட்டும் அழிச்சிட்டு ஏ போட்டேன். உன்னோடத அழிக்கல.

— போலீஸுகிட்ட சொல்லலியே நீங்க...

— எப்பிடிச் சொல்லுவேன்? வேலை போயிடுமே. ரெண்டு மாசமா அந்தப் பக்கத்தத் தொறக்கவே பயந்து செத்துக்கிட்டு இருக்கேன். நீ கிளாஸுல இருந்தியா இல்லியான்னு எனக்குத் தெரியாது. ஆனா இருந்திருந்தா, டீச்சர் இல்லாத கிளாஸுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்ல?

— மேடம்... பேப்பர வாங்கிக்கங்க. எனக்கு வேணாம்.

— வெச்சிக்க. கட்டைவிரல எடு. அதுக்குக் கீழ கடைசி வரி ஒண்ணு இருக்கு. நான் இன்னும் உனக்குச் சொல்லல.

— வேணாம் மேடம்.

— விடை எழுதினா மட்டும் போதாது, அத சரிபாக்கணும், அதுக்குத் தனியா ஒரு மார்க்குன்னு மொத நாள்லேந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். கிளாஸுல அவன் ஒருத்தன்தான் தவறாம செய்வான். இதுலயும் செஞ்சிருக்கான். சத்தமா படி.

— "சரிபார்ப்பு..."

— ம்.

— "சரிபார்ப்பு: ஜோயலைக் கேட்கவும்."

— அதான் கூப்பிட்டேன் உன்ன. எனக்கும் பயமாத்தான் இருக்கு, அழாத. அந்த ரிஜிஸ்டர் விஷயத்த நான் போயி பிரின்சிபால்கிட்ட சொல்லிடறேன். ஆனது ஆவட்டும். ஆனா ஒரு ஒடம்புக்காக ரெண்டு மாசமா கரையில நிக்குது அந்தம்மா. நான் கேக்கறேன், நீ சொல்லு. இந்த விடை சரியா, தப்பா?

— ...சரிதான் மேடம். அதே எடந்தான். வலை பார்ல மாட்டிக்கிச்சி. அறுக்க எறங்கினான், கால்ல சுத்திக்கிச்சி. கரைகிட்ட வந்ததும் போட்ட தெக்கால தள்ளி உட்டுட்டு நான் நீந்தி வந்துட்டேன்... ஒத்தையாத்தான் போனான்னு நானே மொதல்ல சொன்னேன். அந்த ஒரு மார்க்கப் போட்டுடுங்க அவனுக்கு. போட்டு சாஞ்சப்பகூட அவன் என் கைய உடவே இல்ல மேடம்... நான்தான் உட்டேன்.