நாலு கூடார வண்டி

– சிரிக்காத சபூரா. நாளண்டைக்கு எலக்சன். நான் வெளாட்டுக்குக் கேக்கல்ல.

– சிரிக்காம என்ன செய்ற? இஸ்லாமியக் கட்சித் தலைவர் பதியுதீன் ஆலிம் குசினி வாசல்ல நிண்டு பொண்டாட்டிக்கிட்ட வோட்டுக் கேக்காரு! இந்தாங்க, முதல்ல தேத்தண்ணியக் குடிங்க.

– உன்ட ஒரு வோட்டு மட்டுமில்ல புள்ள. உங்கட தாய்வழிக் குடிப் பொண்டுகள் எல்லார்ர வோட்டும் வேணும். நீ கூப்பிட்டாத்தான் வருவாளுகள். போன முறை எனக்குப் பச்சைப் பெட்டி, இந்த முறை சிவப்பு. கடதாசிய அதுக்குள்ள போட்டாச் சரி.

– போன முறை பள்ளிவாசல்ல என்ன பேசினீங்க?

– அது பழைய கதை.

– மானமுள்ள பொம்புள வோட்டுப் பெட்டியடிக்குப் போகமாட்டாள் எண்டீங்க. மதிலுக்கு இந்தப் பக்கம் நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தம்.

– அதாலயா நான் தோத்த? எங்களோட நிண்ட ஏறாவூரான் கடைசி நேரத்தில காலை வாரினான். முப்பத்தொரு வோட்டாலதான் தோத்தது! எனக்கெதிரா நிண்ட, கோட்டில வழக்குப் பேசுற புரொக்டர் மீராசாஹிபுட மஞ்சள் பெட்டிக்கு அவன்ட ஆக்கள் அள்ளிப் போட்டுட்டானுகள்.

– அஞ்சு வருசமா ஏறாவூராரை ஏசாம உங்களுக்குச் சோறு இறங்கல்ல.

– சும்மா ஓதிக் குடுத்துக்கிட்டிருந்த மனிசன் நான். ஏழு பேரோட தொடங்கின கட்சிக்கு இப்ப ஓட்டமாவடி வரைக்கும் கிளை இரிக்கி. மதறஸா கட்டினம், செத்தவங்கள அடக்க மையவாடிக்குக் காணி எடுத்தம். இந்த முறையும் தோத்தா எல்லாரும் கலைஞ்சி போயிருவானுகள்.

– அந்த ஏழு பேரும் குந்தினது ஆர்ர விறாந்தையில?

– உன்ட சீதன வீட்டு விறாந்தையிலதான்.

– தேத்தண்ணி ஊத்தினது?

– நீதான். இப்ப என்னதான் செய்யச் சொல்றாய்?

– பள்ளியில பேசினதப் பள்ளியிலயே மாத்திப் பேசோணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை. அண்டைக்குச் சொன்னது பிழையெண்டு உங்கட வாயால வரோணும்.

– ஊர் சிரிக்குமே, புள்ள.

– ரெண்டு நாளைக்குச் சிரிக்கும். பொறகு மறந்திரும்.

– ...சரி. சொல்றன்.

– வோட்டுக்காகவா?

– இல்ல. மெய்யாவே பிழைதான். ஊட்டையும் நடத்தி, என்ட கட்சிக்கும் ஆக்கிப் போட்டவள் ஒரு கடதாசி போடக்கூடாதெண்டு எந்தக் கிதாபிலயும் நான் ஓதல்ல.

– அல்ஹம்துலில்லாஹ்! இனிப் பயப்படாதீங்க. நாலு கூடார வண்டி, முன்னும் பின்னும் வெள்ளைச் சீலை கட்டி. வண்டிக்கு எட்டுப் பேர். வெயில் ஏற முன்ன போனா, வோட்டுப் போடுற பள்ளிக்கூடத்துப் பின்வாசலால இறங்கலாம். அங்க ஆம்புளையள் நிக்கிறல்ல.

– பின்வாசலா? அங்க ஒரு வாசல் இரிக்கிறது எனக்கே தெரியாதே. உனக்கு எப்படித் தெரியும்?

– தேத்தண்ணி ஆறுது.

– சபூரா!

– இனி ஏறாவூராரை ஏசாதீங்க, பாவம். போன எலக்சனுக்கும் நாங்க முப்பத்திரெண்டு பேரும் போனம். திரும்பி வரக்குள்ள வண்டில ஒவ்வொருத்தியும் சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னாளுகள், மஞ்சள் பெட்டிக்குத்தான் போட்டதெண்டு. உங்கட பச்சைப் பெட்டிக்குப் போட்டது நான் ஒருத்திதான்.