தலைகீழாகத் தெரிந்த முகம்

தி. நகரில் தீபாவளி நெருக்கத்தில் சாப்பிடக் கீழே இறங்கினால் மறுபடி கடைக்குள் நுழைய அரைமணி ஆகும். அதனால் டிபன் பாக்ஸை கேமரா மானிட்டர் முன்னாலேயே திறந்துவிடுவேன். அன்றும் தயிர்சாதம்தான், இன்ஸ்பெக்டர் சார்.

எங்கள் ஜவுளிக்கடை மூன்றாம் மாடி ஸ்டாக் ரூமில் கூரைவரைக்கும் அலமாரி. மாட்ட வந்தவன் இடமில்லாமல் கேமராவைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனான். புதிதாகப் பார்ப்பவர்கள் கழுத்தைச் சாய்ப்பார்கள். எனக்குப் பதினோரு வருஷப் பழக்கம். அந்தப் படத்தை வைத்தே பதினேழு பேரைப் பிடித்திருக்கிறேன். குனிந்து, கையை உடம்போடு அணைத்தால் உள்ளே புடவை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவையும் என் கண் தப்பியதில்லை.

இறந்துபோன ஜுவேரியா பட்டுப் பிரிவில் விற்பனைக்கு நின்ற பெண். இருபத்திரண்டு வயது என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். இரண்டேகாலுக்கு அந்த அறைக்குள் குனிந்தாள், கையை மார்போடு அணைத்தாள். கடை வழக்கப்படி போய் வெளியே பூட்டிவிட்டு வந்தேன். பெண்களைச் சோதனை போடும் புஷ்பம் அம்மா சாப்பிட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். ஜுவேரியா கதவைத் தட்டினாள். எல்லோரும்தான் தட்டுவார்கள். பிறகு படுத்தாள். பிடிபட்டவர்கள் மயக்கம் போடுவதும் புதிதில்லை. வாய் சிரிப்பதுபோலத் தெரிந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

செக்யூரிட்டி தங்கவேல் என் மானிட்டர் அறைக்குள் எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், அந்தப் பொண்ணு இப்டி இழுத்துக்கினு கீது?"

"நடிப்புப்பா."

"தலையச் சாய்ச்சுப் பாரு சார். மூச்சு வுட முடியாம தவிக்குது."

சாய்த்துப் பார்த்தேன். அது சிரிப்பில்லை. காற்றுக்கு வாய் பிளப்பதை என் அக்காவிடம் பார்த்திருக்கிறேன், அவளுக்கும் ஆஸ்துமா.

அப்போது அந்தப் பதினேழு பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். அதில் ஆறு பேரிடம் புடவை எதுவும் கிடைக்கவில்லை. கெட்டிக்காரத் திருடர்கள் என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டு அனுப்ப வைத்தேன். இந்தக் கதவைத் திறந்தால் அந்த ஆறு பேருக்கும் நான் பதில் சொல்லியாக வேண்டும். பயந்துவிட்டேன், சார். கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக மாட்டிக்கொண்டோம்.

டாக்டரை நான் கூப்பிடுகிறேன், நீ வாசலைப் பார் என்று தங்கவேலை அனுப்பினேன். யாரையும் கூப்பிடவில்லை. சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

தலையை நிமிர்த்திக்கொண்டு, எப்போதும்போலப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிவரைக்கும் சிரித்தாள், சார்.