நடுப்பெட்டியில் ஒரு பள்ளி மணி

அருங்காட்சியகத்துக்குள் வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான், ஷெரீஃப். முப்பத்தொரு வருடம் வழி காட்டி அலுத்துப்போய்விட்டேன்.

நெப்ராஸ்காவில், எங்கள் கவுண்டியில், யாரும் பழம்பொருளை உடனே தந்துவிட மாட்டார்கள். நான் போன பிறகு எடுத்துக்கொள் என்பார்கள். குறித்துக்கொண்டு காத்திருப்பேன். பெரும்பாலானோர் நியாயமான வயதில் போய்ச் சேர்ந்தார்கள். அல்பினா க்ராட்கி மட்டும் தொண்ணூற்றாறு வயதிலும் வாசல் பனியைத் தானே வாரிக்கொண்டிருந்தார்.

அவரிடம் இருந்தது ஒரு பள்ளி மணி. பனிப்புயலில் திசை தெரியாமல் நின்ற பதினான்கு பிள்ளைகளை, ஆசிரியையான அவர் அம்மா அதை அடித்தே கரை சேர்த்தாராம். கவுண்டியின் நூற்றைம்பதாம் ஆண்டுக் கண்காட்சிக்கு நடுப்பெட்டியைக் காலியாக வைத்திருந்தேன். அக்டோபரில் போய்க் கேட்டேன்.

"ஏம்ப்பா லாய்ட், நான் இன்னும் சாகலையான்னு பாக்க வந்தியா?"

"ரெண்டு மாசம் இரவலா குடுங்க, போதும்."

"பதினோரு வருஷம் பொறுத்த. இன்னும் கொஞ்சம் பொறுத்தா என்ன, தேய்ஞ்சா போயிடுவ? பன்னு சாப்பிடு. அப்படியே ஹீட்டர் புகைக்குழாய்ல குருவி கூடு கட்டியிருக்கு, எடுத்துட்டுப் போ. குளிர் வந்தா மூட்டணும், அடைச்சிருந்தா விஷப்புகை வீட்டுக்குள்ளயே நின்னுடும்."

எடுத்தேன். குதிரைமயிர் கலந்து பின்னிய நல்ல கூடு. ஏணியில் நின்று சற்று நேரம் பார்த்தேன். பிறகு குழாயிலேயே வைத்தேன், கொஞ்சம் உள்ளே தள்ளி.

"ஆச்சா?" என்றார் கீழிருந்து.

"ஆச்சுங்க."

முதல் குளிர் நவம்பர் ஒன்பதில் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். தொண்ணூற்றாறு வயதுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. உயிலில் எழுதியபடி மணி வந்து சேர்ந்தது.

அவர் அடக்கத்தன்று சர்ச்சில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது, குழாயிலிருந்து கூட்டை எடுத்து வந்தேன். வழியில் எறிந்திருந்தால் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். முடியவில்லை. என் கைக்கு வரும் எதற்கும் எண் போட்டு, எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று சீட்டு எழுதிக் கட்டிவிடுவேன். கிடங்கில் நீங்கள் படித்தது அந்தச் சீட்டைத்தான்.

ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. நடுப்பெட்டி முன்னால் போய்ப் பாருங்கள், என் பெயர் எங்குமே இல்லை. அட்டையில் அவர் பெயர்தான் இருக்கிறது, நானே என் கையால் எழுதியது: மனமுவந்து வழங்கியவர், அல்பினா க்ராட்கி.