இரண்டாம் குளம்

நான் மீன் சாப்பிடுவதில்லை. மீன் எச்சத்தைப் பன்னிரண்டு வருஷம் எடைபோட்டுப் பார்த்தவனுக்கு அது தொண்டையில் இறங்காது. குளத்தோரம் நின்றுவிட்டு வந்தாலே இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவேன்.

என் பெயர் பார்த்திபன், ஊர் திருப்பத்தூர். மீன் தீவனக் கம்பெனி ஒன்றில் ஆராய்ச்சி வேலை. சாதாரணத் தீவனத்தில் இருக்கும் மணிச்சத்தில், அதாவது பாஸ்பரஸில், பெரும்பங்கு மீனுக்குச் செரிக்காது. எச்சத்தோடு தண்ணீரில் கலந்துவிடும். அதில் பாசி பெருகும், தண்ணீர் கெட்டுப்போகும். நான் செய்த தீவனத்தில் ஒரு நொதி சேர்த்திருந்தேன். மணிச்சத்து மீன் உடம்பிலேயே தங்கும், தண்ணீர் சுத்தமாக இருக்கும். நல்ல காரியம்தானே, ஐயா. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஜமுனாமரத்தூர் தாண்டி மலைச்சரிவில் இரண்டு குளம் வெட்டினோம். ஒரே அளவு, ஒரே மீன். முதல் குளத்துக்கு என் தீவனம், இரண்டாவதற்குக் கடைத் தீவனம். தொண்ணூறாம் நாள் இரண்டு தண்ணீரையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் பளிச்சென்று இருந்தால்தான் என் தீவனம் சந்தைக்கு வரும்.

நாற்பதாம் நாள் பார்த்தேன். நல்ல மழைக்குப் பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெளிந்து கிடந்தன. அன்றிலிருந்து இரண்டாம் குளத்துக்கு மட்டும் மூன்று பங்கு தீவனம் போட்டேன். மீன் தின்றதுபோக மிச்சம் அடியில் ஊறி அழுகியது. சில வாரத்தில் பச்சைப் பெயின்ட்டைக் கொட்டியதுபோல் பாசி ஏடு கட்டிவிட்டது. குச்சியால் கிளறினால் சளி மாதிரி இழுபட்டு வரும். அந்த நாற்றம் சட்டையில் ஒட்டிக்கொண்டு என் அறைவரைக்கும் வந்தது. பொறுத்துக்கொண்டேன்.

அந்தக் குளத்திலிருந்து வழிகிற நீர் கீழே ஓடையில் சேரும். ஓடை மணலில் ஊற்றுத் தோண்டித்தான் கெங்கம்மாள் வீட்டில் குடிக்க எடுப்பார்கள். சரிவில் அந்த ஒரு வீடுதான், சாமை விதைக்கிற குடும்பம். எழுபதாம் நாள் அவர்களுடைய ஆடு இரண்டு ஓடையோரம் செத்துக் கிடந்தன. பாசியை எடுத்துச் சோதித்தேன். ஈரலை அரிக்கிற நஞ்சு. சந்தேகமே இல்லை.

வெளியே சொன்னால் ஆள் வரும், போட்ட தீவனத்தை அளக்கும். இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

மறுநாள் கெங்கம்மாள் வந்தார்.

"சாரு, தண்ணி பச்சையா வருது. நாத்தம் கொடலப் பொரட்டுது. இன்னா போட்றீங்க அதுல?"

"மீனுக்குத் தீனிதாங்கம்மா. காய்ச்சிக் குடிங்க."

"காய்ச்சுனா போதுங்களா?"

"போதும்."

காய்ச்சினால் அந்த நஞ்சு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடவே செய்யும். தெரிந்துதான் சொன்னேன்.

எண்பதாம் நாள் அவர் கணவர் தீர்த்தகிரிக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு அந்த அம்மாள் வந்து, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போக என் ஜீப்பைக் கேட்டார். பஸ் ரோடு அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், தீர்த்தகிரியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன தண்ணீர் குடித்தீர்கள் என்று கேட்பார்கள். வண்டி ரிப்பேர் என்றேன்.

இரண்டு நாள் கழித்து நடந்தே போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்தால் நன்றாயிருக்காது. கெங்கம்மாள் அவர் வாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டுவிட்டு, மிச்சம் இருந்த சொம்பை என்னிடம் நீட்டினார்.

"குடிங்க சார். நீங்க சொன்ன மாரியே காய்ச்சுனதுதான்."

தண்ணீரில் லேசாகப் பச்சை. வெளியே ஓடி வேலியோரம் வாந்தியெடுத்தேன். இவ்வளவு அசிங்கத்தை எப்படித்தான் குடிக்கிறார்களோ என்றுதான் அப்போது தோன்றியது.

எண்பத்தாறாம் நாள் தீர்த்தகிரி இறந்துபோனார். தொண்ணூறாம் நாள் நான் மாதிரி எடுத்து முடித்தேன், இரண்டாம் குளத்தை வடித்துவிட்டேன். ஓடையில்தான். அடுத்த வாரம் கெங்கம்மாளும் படுத்துவிட்டார். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அவரைக் கட்டிலோடு ரோடுவரை தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்ததால்தான் நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். வாக்குமூலத்துக்கு மேலே 'புது மீன் தீவனத்தால் மரணம்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் குளத்தைப் போய்ப் பாருங்கள், அடி மண் தெரியும். என் தீவனம் யாரையும் கொல்லவில்லை, ஐயா.